வெளியாளும் வாயிற்கதவும்

மனிதனுடைய கற்பனைக்கு எல்லையில்லை என்று சொல்லுவதுண்டு. பேசும் பறவையையும், பறக்கும் குதிரையையும், கடலுக்கடியில் மாளிகையையும் அது ஒரு நொடியிற் படைத்துவிடுகின்றது. ஆயினும், எல்லையற்றதென்று சொல்லப்படும் அக்கற்பனையும் சில இடங்களில் வந்து தயங்கி நின்றுவிடுகின்றது. எவ்விடத்தில் நிற்கின்றது என்பதைக் கூர்ந்து நோக்குவோமாயின், அதனைப் பெற்றெடுத்த சமூகத்தின் உள்ளம் எவ்விடத்திற் குறுகியிருக்கின்றது என்பது தானே விளங்கும். இவ்வுண்மையை எனக்குப் புலப்படுத்தியது பெரிய தத்துவ நூலொன்றுமன்று. சுவா சூ காங்கில் பத்து வயதுத் தமிழ்ச் சிறுமி ஒருத்தி கேட்ட ஒரு வினாவேயாகும்.

சின்னாட்களுக்கு முன்னர், நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் நாடகமொன்றுக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தனர். சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அதிற் கலந்திருந்தனர். கதை எளியது. அழகற்ற அயலூரான் ஒருவன் ஓர் அரசனுடைய நகரத்துக்கு வருகின்றான். வாயில் காப்போர் அவனை உள்ளே விட மறுக்கின்றனர். ஊரார் எள்ளி நகைக்கின்றனர். காட்டில் வாழும் தேவதையொன்று அவன்மீது இரக்கங்கொண்டு தன் கோலால் அவனைத் தொடுகின்றது. அவன் பேரழகனாகின்றான். கதவு திறக்கின்றது, நகைத்த ஊராரே மாலை சூட்டி வரவேற்கின்றனர்.

அந்த அயலூரான் வேடம் மேற்சொன்ன சிறுமிக்குக் கிடைத்தது. கதையின் தலைமை வேடம் தனக்கே வாய்த்ததென்று அவள் துள்ளி மகிழ்ந்தாள். ஆனால், அவ்வேடத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. தேவதையின் கோல் பட்டவுடன் அவள் திரைக்குப் பின்னே சென்றுவிட வேண்டும். மாறிய பின் வரும் அழகனாக, வெளுத்த நிறமுடைய வேறொரு பிள்ளை மேடையேறும். மாறுதல் எல்லோர் கண்ணுக்கும் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதும், ஒருவருக்கே இருமுறை ஒப்பனை செய்யும் தொல்லை இல்லை என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். அன்று மாலை மின்தூக்கியின் முன் நின்றுகொண்டிருந்த என்னிடம் அச்சிறுமி வந்து, "மாமா, அவன் மாறின பிறகும் நானே இருந்தால் என்ன?" என்று கேட்டாள்.

அவ்வினாவிற் கோபமில்லை, அழுகையுமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிய குழந்தையின் வினா அது. எனக்கு உடனே விடை வரவில்லை. வீட்டுக்கு வந்து நெடுநேரம் எண்ணிப் பார்த்ததில் தோன்றியவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

கூனர் இருவர்

குழந்தைகள் நடித்த கதை புதியதன்று. ஊருக்கு ஒவ்வாத ஒருவனை அற்புதத்தால் மாற்றி ஊரோடு சேர்க்கும் கதை உலகமெங்கும் உண்டு. நமது சிங்கப்பூரிலேயே அது திரைப்படமாகவும் பிறந்திருக்கின்றது. பாலஸ்டியர் சாலையை அடுத்த ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்பு நிலையம் 1947 முதல் 1967 வரை நடந்து வந்தது. அங்கே 1958-ஆம் ஆண்டில் பி. ரம்லி தாமே இயக்கி நடித்த 'சும்பா ஓராங் மின்யாக்' என்னும் மாயாஜாலப் படத்தின் கதாநாயகன் ஒரு கூனன். முதுகு வளைந்தவன், முகம் விகாரமானவன். ஊரார் அவனை மனிதனாக மதிப்பதில்லை. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத 'பூனியான்' என்னும் கூட்டத்தாரின் உலகத்திலிருந்து அவன் அழகைப் பெறுகின்றான். அழகோடு ஒரு நிபந்தனையையும் பெறுகின்றான். நிபந்தனை தவறியதும் உருவத்தையே இழக்கின்றான். பேயினிடம் தன் ஆன்மாவை விற்று, ஊரை நடுங்கச் செய்யும் எண்ணெய் மனிதனாகக் கெட்டொழிகின்றான்.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1957-இல், கேத்தே கிரிஸ் நிறுவனத்தார் 'பொந்தியானாக்' என்னும் பேய்ப் படத்தை வெளியிட்டனர். இயக்கியவர் பி. என். ராவ் என்னும் இந்தியர். நடித்தவர் மரியா மெனாடோ. இங்கும் கதாநாயகி கூனற் பெண்ணே. மருந்தொன்றினால் அவள் பேரழகியாகின்றாள். இரத்தத்தைச் சுவைக்கலாகாது என்பது நிபந்தனை. கணவனைப் பாம்பு தீண்டுகின்றது. அவன் உயிரைக் காக்க வேண்டி அவள் நஞ்சை வாயால் உறிஞ்சுகின்றாள்; இரத்தம் நாவிற் படுகின்றது; பேயாகிவிடுகின்றாள். அன்பினாற் செய்த செயலே அவளுக்கு அழிவாய் முடிகின்றது.

இவ்விரு கதைகளையும் நான் இகழ வரவில்லை. ஊராரின் கொடுமையை ரம்லி மூடி மறைக்கவில்லை. கூனன் பட்ட துயரைப் பார்ப்பவர் தம் துயராகவே உணரும்படி நடித்தார். எனினும் இரண்டிலும் ஒன்று ஒத்திருக்கின்றது. கூனனுக்கு வந்த வரம் அழகாகவே வந்தது. கூனன் கூனனாகவே இருந்து அவ்வூரில் மதிப்போடு வாழ்ந்தான் என்னும் முடிவு அக்கதைகளுக்குத் தோன்றவில்லை. காட்டில் அரூப உலகத்தைப் படைக்க முடிந்தது. மருந்தொன்றினால் முகத்தை மாற்ற முடிந்தது. நிமிர்ந்தவரும் வளைந்தவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் கிராமத்தைப் படைக்க மட்டும் முடியவில்லை. மேலும், விகார வேடத்துக்குள்ளே ஒளிந்திருப்பவர் தாம் விரும்பும் அழகிய நட்சத்திரம் என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் முன்னரே தெரியும். ஆதலின் அவர்கள் இரங்கியது உண்மைக் கூனனுக்கன்று. சிறிது நேரம் கூனன் வேடம் தாங்கிய அழகனுக்கே.

நந்தியும் நெருப்பும்

மலாய்க் கதையைச் சொல்லி நம் கதையைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுடைய கதைகளுள் தமிழர்க்கு மிகவும் பழக்கமானது நந்தன் கதை. 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் அதனைப் பாடினார். 19-ஆம் நூற்றாண்டிற் கோபாலகிருஷ்ண பாரதியார், பழைய நூலில் இல்லாத வேதியர் என்னும் ஆண்டையைப் புதிதாகப் படைத்துச் சேர்த்துக் கீர்த்தனை நாடகமாக்கினார். 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் எம். எம். தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாகத் தோன்றினர். கூலி வேலை முடித்து லயத்துக்குத் திரும்பிய ஒரு தொழிலாளி, ஆண்டையினிடம் விடை கேட்டு நிற்கும் நந்தனைக் கண்டு கண்ணீர் விடாதிருத்தல் அரிது. தன்னையே அவன் அங்குக் காண்பான்.

அக்கதையில் இரண்டு அற்புதங்கள் நிகழ்கின்றன. திருப்புன்கூரிற் கோயிலுக்கு வெளியே நின்ற நந்தனுக்கு இறைவன் திருவுருவம் தெரியவில்லை. குறுக்கே கல் நந்தி கிடக்கின்றது. இறைவன் அந்நந்தியை விலகச் செய்கின்றான். நந்தன் வெளியில் நின்றபடியே கண்டு களிக்கின்றான். இது முதலாவது. தில்லையில் நந்தன் தீயில் மூழ்கி, பழைய உடல் நீங்கி, முனிவர் கோலமும் மார்பிற் பூணூலும் கொண்டு எழுகின்றான். எழுந்த பின்னரே உட்புகுகின்றான். இது இரண்டாவது.

நேயர்களே, இங்கே சற்று நின்று ஆராய்வோம். முதல் அற்புதத்திற் கல் அசைந்தது, கதவு அசையவில்லை. வெளியாளுக்குக் காட்சி கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் அற்புதத்தில் இடம் கிடைத்தது. ஆனால் இடம் பெற்றவன் பழைய நந்தனல்லன். குறை இறைவனுடையதென்று நான் சொல்லவில்லை. கதை சொன்ன மனிதருடைய கற்பனை அவ்வளவு தூரமே சென்றது என்கின்றேன். 1935-ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு பெண்மணி ஆடவனாக நடித்தார். பெண் ஆணாகலாம், கல் விலகலாம், நெருப்புச் சுடாதிருக்கலாம். தீண்டாதவன் என்று ஒதுக்கப்பட்ட ஒருவன் தன் உடலோடும் தன் பெயரோடும் தில்லை வாயிலைக் கடந்தான் என்பது மட்டும் ஆகாது! அற்புதங்களிலெல்லாம் பெரிய அற்புதமாக அதுவே எஞ்சி நின்றுவிட்டது.

நந்தன் கதை தன் காலத்திற் செய்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஒதுக்கப்பட்ட ஒருவனை நாயன்மார் வரிசையில் அமர்த்தி, மேல் சாதியார் அவனை வணங்கும்படி செய்தது அது. ஆயினும் பின்னர் நடந்த வரலாற்றை நோக்குங்கள். 1936-இல் திருவிதாங்கூர் அரசர் தம் நாட்டுக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள், வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒதுக்கப்பட்ட வகுப்பினர் சிலர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுட் சென்றனர். எதிர்ப்பு எழுந்தது, சட்டம் வந்தது, 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் இயற்றப்பட்டது. இவற்றுள் எதிலும் தீ மூட்டப்படவில்லை. உட்சென்ற எவருடைய உடலும் மாறவில்லை; நிறம் மாறவில்லை; பெயர் மாறவில்லை. மாறியது வாயிலின் விதியொன்றே. பல நூற்றாண்டுகளாகக் கற்பனை செய்யத் துணியாததை ஒரு காலைப்பொழுதில் மனிதர் நடந்து சென்று செய்து முடித்தனர். உண்மை கற்பனையை முந்திவிட்டது.

இதிலிருந்து நான் கொள்ளும் அறம் ஒன்றுதான். எவரிடம் குற்றம் உளதோ அவரே மாற வேண்டும். வெளியாளிடம் குற்றமில்லை, அவனை வெளியே நிறுத்திய விதியிலேயே குற்றமிருக்கின்றது. அங்ஙனமிருக்க, அற்புதம் வெளியாள் மேல் நிகழ்வது நோயாளியை விட்டு அண்டை வீட்டானுக்கு மருந்து கொடுப்பதை ஒக்கும்.

கட்டுக்கதையிடம் நியாயம் கேட்கலாமா?

இங்குச் சிலர் மறுத்துரைப்பர். "மாயாஜாலப் படம் பொழுதுபோக்குக்காக எடுப்பது; அதனிடம் நீதி விசாரணை நடத்துவது பேதைமை" என்பர். எனக்குத் தோன்றுவது இதற்கு நேர்மாறானது. நடந்த வரலாற்றைச் சொல்லுபவன், "நடந்தது இதுவே, நான் என் செய்வேன்?" என்று சொல்லித் தப்பலாம். கட்டுக்கதை சொல்லுபவனுக்கு அச்சாக்கு இல்லை. அவனுடைய உலகத்தில் அவனே பிரமன். யார் அரசன், யார் அரக்கன், யார் வாயில் காப்பான், எந்நிறம் அழகு என்பனவெல்லாம் அவன் விருப்பம். எதையும் செய்யலாம் என்ற நிலையில் ஒருவன் எதைச் செய்கின்றான் என்பதே அவன் உள்ளத்துக்குச் சரியான சாட்சி.

வேறு சிலர், "கூனன் தன் முதுகு நிமிர வேண்டுமென்று விரும்புவது தவறா? நோயுற்றவன் குணமாக விரும்பலாகாதா?" என்று கேட்பர். கேட்க வேண்டிய கேள்வியே. வருந்துகின்றவன் தன் வருத்தம் தீர விரும்புவது இயற்கை; அதனைத் தடுப்பவன் கொடியவன். ஆனால் வரம் வேறு, வாயிற்கட்டணம் வேறு. நிமிர்ந்த முதுகு அவனுக்கு ஒரு நன்மையாகக் கிடைக்குமானால் அது வரம். நிமிர்ந்தால்தான் உனக்கு மரியாதை என்று ஊர் சொல்லுமானால் அது கட்டணம். முன்னதை நாம் வாழ்த்தலாம். பின்னதை வாங்குகின்றவன் கை நியாயமுடைய கையன்று.

தலைகளை எண்ணினாற் போதுமா?

பிரதிநிதித்துவம் என்னும் சொல் நம் மக்களுக்குப் புதியதன்று. உத்தியோகத்தில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் வேண்டுமென்று சென்னை மாகாணத்தில் எழுந்த கிளர்ச்சியை நம் முன்னோர் அறிவர். சிங்கப்பூரில் 1988 முதல் குழுத்தொகுதி முறை நடைமுறையில் உள்ளது; சிறுபான்மை இனத்தார் ஒருவரேனும் ஒவ்வொரு குழுவிலும் நிற்க வேண்டுமென்பது அதன் விதி. சுவா சூ காங்கும் அத்தகைய தொகுதிகளுள் ஒன்று. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்நாட்டுக் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் இந்தியர் நூற்றுக்கு 9 பேர். எண்ணிக்கை குறைந்தவர்க்கு இருக்கை உறுதி செய்யப்படுவது நன்றே. ஆனால் கதையில் இருக்கை கிடைத்தால் மட்டும் போதுமா?

ஜாலான் அம்பாஸ் நிலையத்தையே மீண்டும் எண்ணிப் பாருங்கள். முதல் போட்டவர் சீனர். நடித்தவர் பெரும்பாலும் மலாய்க்காரர். இயக்கியவர்களுட் பலர் இந்தியர். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எஸ். இராமநாதன், பணி மஜும்தார் முதலியோர் அங்குப் பணியாற்றினர். 1950-இல் 'பக்தி' என்னும் படத்தில் ரம்லிக்கு முதன்முதலிற் கதாநாயக வேடம் கொடுத்த எல். கிருஷ்ணன் நம் தமிழர். இத்துணை இனத்தார் ஒரே கூரையின்கீழ் உழைத்த இடம் அக்காலத்தில் வேறு எத்தனை இருந்திருக்கும்! ஆயினும், இந்தியக் கதைகளுக்கு மலாய் உடை உடுத்தித் திரையில் விடுகின்றார்கள் என்னும் மனக்குறை மலாய்க் கலைஞரிடம் வளர்ந்தது. அவர்கள் முகம் திரை முழுவதும் இருந்தது. அவர்கள் வாழ்வு இல்லை. 1955-இல் 'பெனாரெக் பேச்சா' என்னும் படத்தை ரம்லி தாமே இயக்கி, வண்டியிழுக்கும் ஏழை ஒருவனைக் கதாநாயகனாக்கியபோது அக்குறை தீரத் தொடங்கிற்று. அன்று பிறர் கதையைக் கையில் வைத்திருந்தவர்களுள் நம்மவரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. வாயிலுக்கு வெளியே நின்ற அனுபவமே நமக்குண்டு என்று சொல்லிக்கொள்வது முழு உண்மையன்று.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2018-இல் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' என்னும் அமெரிக்கப் படம் வந்தது. ஆசிய இனத்து நடிகர்களே முதன்மையாக நடித்த ஹாலிவுட் படமென்று உலகம் அதைப் போற்றியது. அமெரிக்காவில் வளர்ந்த சீனப் பெண்ணொருத்தி, சிங்கப்பூரின் பெருஞ்செல்வக் குடும்பமொன்றின் வாயிலில் வந்து நிற்கின்றாள். குலமும் செல்வமும் இல்லாதவளென்று அக்குடும்பம் அவளை ஒதுக்குகின்றது. அதுவும் வெளியாள் கதையே. ஒருவகையில் மாயாஜாலக் கதையுமே. கதை முழுவதும் அவள் பக்கம் நின்று, அவளுக்காக நம்மை ஏங்கவைக்கின்றது. ஆனால் அம்மாளிகையின் வாயிலிற் காவல் நிற்பவர் யார்? பழுப்பு நிறத்தார். அவர்களுக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, சொல்ல ஒரு சொல் இல்லை. ஒரு வெளியாளுக்காக வாதாடிய கதை, தன் வாயிலிலேயே வேறு வெளியாட்களை நிறுத்திவைத்திருந்தது. தலை எண்ணுவோர் அங்கும் எண்ணலாம்: இத்தனை பழுப்பு முகம் இருந்தது என்று. எண்ணிக்கை சரி, நியாயம் எங்கே?

இதற்கு மறுபக்கமாக ஒரு படத்தைச் சொல்லத் தோன்றுகின்றது. 2008-இல் எரிக் கூ என்னும் சீனர் இயக்கிய சிங்கப்பூர்ப் படம் 'மை மேஜிக்'. அதன் உரையாடல் பெரும்பாலும் தமிழ். கான் நகரத்துப் படவிழாவின் முதன்மைப் போட்டியில் இடம்பெற்ற முதற் சிங்கப்பூர்ப் படமும் அதுவே. உண்மையிலேயே மாயவித்தைக்காரராகிய பாஸ்கோ பிரான்சிஸ் என்னும் தமிழர் அதில் நடித்தார். குடியினாற் சீரழிந்த ஒரு வித்தைக்காரன், தாயில்லாமல் வளரும் தன் மகனுக்காக, கண்ணாடியைத் தின்றும் உடலை ஊசியால் துளைத்தும் பணம் சம்பாதிக்கின்றான். அங்கே வித்தை உண்டு. ஆனால் அது அவனை அழகனாக்குவதில்லை. பருத்த உடலும் கறுத்த முகமுமாக, குற்றமுள்ளவனாகவே தொடக்க முதல் நம்முன் நிற்கின்றான். அவனை மன்னிப்பதும் வெறுப்பதும் நம் பொறுப்பு. அப்படம் நமக்குச் சொல்லுவது: தமிழனைத் தமிழனே படைத்தால்தான் நியாயம் என்பதுமில்லை; நல்லவனாகக் காட்டினால்தான் நியாயம் என்பதுமில்லை. உள்ளே இருந்து அவனைப் பார்த்தாயா, வாயிலிலிருந்து பார்த்தாயா என்பதே கேள்வி. நல்லவனாக இருக்கும் உரிமையைக் காட்டிலும், பிழை செய்தும் மனிதனாகவே கருதப்படும் உரிமை பெரிது. அவ்வுரிமை கதாநாயகனுக்கு எப்போதும் உண்டு, வெளியாளுக்குத்தான் கிடைப்பதில்லை. பொந்தியானாக் கதையிற் கணவனைக் காத்த பெண்ணுக்கும் அது கிடைக்கவில்லையன்றோ?

நம் வீட்டு வாயில்

குழந்தைகளின் நாடகத்தைப் பற்றி முன்னர்ச் சொல்லாது விட்ட ஒன்றை இப்போது சொல்லவேண்டும். அவ்வேடத்தை இரண்டாகப் பிரித்தவர் வேற்றினத்தார் என்று நேயர்களுட் சிலர் எண்ணியிருக்கலாம். அன்று. அவர் நம் தமிழ் அம்மையார் ஒருவரே. குழந்தைகளிடம் அன்புள்ளவர், பிறர்க்கு உதவுவதில் முன்நிற்பவர். அழகனாக வரவிருந்த பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையே. நிறம் மட்டும் சற்று வெளுப்பு. அவ்வம்மையார் மனத்தில் தீமை இல்லை. அதனாலேதான் இதனைப் பெரிதாக எடுத்து எழுதுகின்றேன். தீய எண்ணத்தோடு செய்வதைக் கண்டிக்கலாம். தீமையென்றே தோன்றாமற் செய்வதை ஆராய்ந்தல்லவோ அறிய வேண்டும்?

நம் தமிழ்ப் படங்களையே பாருங்கள். கறுப்பு மண்ணின் பெருமை பேசும் கதாநாயகனுக்குக் கதாநாயகி வேண்டுமென்றால் வெள்ளைத் தோலைத் தேடி வடநாடு வரை செல்கின்றார்கள். நகைச்சுவை வேண்டுமென்றால் கறுத்தவனை, கூனனை, குள்ளனைக் கொண்டுவந்து நிறுத்துகின்றார்கள். நாம் சீட்டு வாங்கி உட்கார்ந்து சிரிக்கின்றோம். மணப்பெண் தேடும்போது நிறம் கேட்கின்றோம். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவிற் கூடும் கட்டடத் தொழிலாளர் நம் மொழி பேசுபவரே. அவர்களருகே நடக்கும்போது நம்முட் சிலர் பையை இறுகப் பிடித்துக்கொள்வதை நான் கண்டிருக்கின்றேன். இந்நகரத்தின் கோபுரங்களைத் தூக்கி நிறுத்துகின்ற அவர்கள் நம் கதைகளில் எவ்வாறு வருகின்றனர்? பரிதாபத்துக்கு ஒருவன், சிரிப்புக்கு ஒருவன். தன் எண்ணமும் தன் பிழையும் உடைய முழு மனிதனாக எத்தனை பேர்? 2018-ஆம் ஆண்டுப் படத்தில் வாயில் காப்பவனாக நிறுத்தப்பட்டதற்கு வருந்தும் நாம், நம் வாயிலில் யாரை நிறுத்தியிருக்கின்றோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். முதற் கேள்வியைக் கேட்பது உரிமை. இரண்டாம் கேள்வியைக் கேட்பது அறம்.

அச்சிறுமியின் வினாவை அவ்வம்மையாரிடம் நான் எடுத்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நான் அப்படி நினைக்கவேயில்லை" என்றார். முடிவுவரை அச்சிறுமியே நடிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். நாடக நாளன்று தேவதையின் கோல் பட்டதும், அவள் தோளில் கிடந்த கந்தற் போர்வையை எடுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். அவ்வளவுதான். முன்வரிசையில் அமர்ந்திருந்த சிறு குழந்தைகள் "மாறிவிட்டான்" என்று கைகொட்டின. எந்நிறத்துப் பிள்ளைக்கும் ஐயம் எழவில்லை. மாறுதல் கண்ணுக்குத் தெரியாது போகுமோ என்று அஞ்சியவர்கள் பெரியவர்களாகிய நாம்தாம்.

நாடகம் முடிந்து இறங்கியவளை அவள் தாயார் அணைத்துக்கொண்டார். முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டார். துடைத்துவிட்டு, "கடைசியிலாவது கொஞ்சம் பவுடர் போட்டிருக்கலாம்" என்றார். அன்பினாற் சொன்ன சொல்லே அது. சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தை நான் பார்த்தேன், கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோழர்களே! இச்சுவா சூ காங்கின் மேற்கே பரந்து கிடக்கும் இடுகாடு, சிங்கப்பூரில் இன்றும் அடக்கத்துக்கு இடமளிக்கும் ஒரே இடுகாடாகும். முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து, சீனர், யூதர், பார்சி ஆகிய எல்லோர்க்கும் அங்கு அடுத்தடுத்து இடம் உண்டு. உள்ளே வருபவனை மாறி வா என்று அம்மண் கேட்பதில்லை. செத்தவனுக்குக் கிடைக்கும் அவ்விடம், உயிரோடிருக்கும் குழந்தைக்கு ஒரு கதையிலேனும் கிடைக்கலாகாதா?

"அவன் மாறின பிறகும் நானே இருந்தால் என்ன?" என்று கேட்டவளுக்கு நான் சொல்ல வேண்டிய விடை இப்போது தெரிகின்றது: குழந்தாய், அவன் மாற வேண்டியதேயில்லை. மாற வேண்டியது கதவு. அக்கதவைச் சட்டத்தால் திறக்கலாம். நல்ல கதையாலும் திறக்கலாம். ஆனால் அதன் தாழ்ப்பாள் ஒன்று நம் வீட்டு நிலைக்கண்ணாடியின் முன், பவுடர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றது. அதனை நீக்க எந்தத் தேவதையும் வரப்போவதில்லை. நாமே நீக்க வேண்டும்.